ஒலிபெருக்கி எதைப் பெருக்குகிறது?

அன்புடையீர்,

மேல்நிலை வகுப்புக்கான இயற்பியல் பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்குப் ‘பெருக்கி’ என்றும் ஸ்பீக்கருக்கு ‘ஒலிபெருக்கி’ என்றும் எழுதினால், பெருக்கும் வேலை இரண்டிலும் நடப்பதாகவே மாணவர் எண்ணுவர். ஸ்பீக்கரில் நடப்பதோ வேறு. காந்த இடைவெளியில் நிற்கும் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய, அதன் திசைக்கேற்பச் சுருள் முன்னும் பின்னும் நகர்கிறது. சுருளோடு ஒட்டிய கூம்பு காற்றை நெருக்கியும் தளர்த்தியும் ஒலியை எழுப்புகிறது. வீடுகளில் உள்ள ஸ்பீக்கர்கள் பெரும்பாலானவற்றில், செலுத்திய மின்திறனில் நூற்றுக்கு ஓரிரு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது வெப்பமாகிப் போகிறது. இப்படி இழக்கும் கருவியைப் பெருக்கி என்பது தகுமா? ‘ஒலிப்பான்’ என்று வைக்கலாமா?

*

ஐயா, ‘ஒலிப்பான்’ வண்டியின் ஹாரனுக்கு வழங்கிவிட்டது. ‘ஒலியெழுப்பி’ என்பதே தெளிவு. ஆம்ப்ளிஃபையருக்குப் ‘பெருக்கி’ மிகப் பொருத்தம். பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை. அதனோடு இகர விகுதி சேரக் கருவிப்பெயர். ‘பெருக்கு’ என்ற பெயர்ச்சொல்லோ ஆற்று வெள்ளத்தைக் குறிக்கும். வேறிடத்து நீர் வந்து சேராமல் ஆறு பெருகுவதில்லை. ஆம்ப்ளிஃபையரிலும் சிறிய உள்ளீட்டு அலை தானே பருப்பதில்லை. மின்வழங்கியிலிருந்து வரும் திறனை, அந்த அலையின் வடிவிலேயே டிரான்சிஸ்டர் ஏறவும் இறங்கவும் விடுகிறது. வழங்கியின் மின்னழுத்த வரம்பை மீறி ஏற முயன்றால் அலையின் முகடு வெட்டுண்டு ஒலி கரகரக்கிறது. வெள்ளத்துக்கும் மேலிருந்து வரும் நீரே எல்லை.

*

சொல்லாய்வு அழகுதான், ஆனால் மக்கள் நாவில் நிலைத்த ஒலிபெருக்கியை ஏன் பிடுங்க வேண்டும்? 1925இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாகும், குழாய் இல்லாமல் கூம்பே நேராகக் காற்றை அசைக்கும் ஸ்பீக்கரை விளக்கியபோது அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்தே வடிவமைத்தனர். பொதுமக்களும் அந்த முழு அமைப்பையே ஒலிபெருக்கி என்கிறார்கள். மேலும், குழாய் வடிவ ஹாரன் ஸ்பீக்கர் காற்றோடு நன்கு இணங்குவதால், அதே மின்திறனுக்குக் கூடுதல் ஒலி தருகிறது. அதைப் பெருக்கம் என்று சொல்வதில் என்ன குற்றம்?

*

ஹாரன் ஸ்பீக்கர் திறனைக் கூட்டுவதில்லை, வீணாவதைக் குறைக்கிறது. அதனால் அந்த வாதத்தை ஏற்க இயலவில்லை. பலரும் ஒலியெழுப்பியின் பக்கம் சாய்வதால் பாடத்தில் அதையே எழுதி, அச்சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘வழக்கில் ஒலிபெருக்கி’ என்று சேர்க்கிறேன்.

*

சேருங்கள். தேர்வில் ‘ஒலிபெருக்கி’ என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறையக்கூடாது என்பதையும் ஆசிரியர் குறிப்பில் எழுதாதவரை என் மறுப்பு நீங்காது.