மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வழி தவறாமல் இருக்க எதை அடையாளம் வைப்பது? (பதில் எழுதியவர்களின் புனைபெயர்கள்: சித்திரைவீதி, குளக்கரை, கல்தச்சு)

சித்திரைவீதி:
கோபுரத்தைப் பார்த்து வெளியே வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் உள்ளே போகிறார்கள். கூரை போட்ட பிராகாரத்துக்குள் நுழைந்ததும் கோபுரம் கண்ணில் படாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தூண்வரிசை. 2018 முதல் கைப்பேசிக்கும் அனுமதியில்லை. கடைசியில், கிழக்கே செருப்பு விட்டவர் மேற்கு வாசலில் வந்து நிற்பார். அப்புறம் மதிய வெயிலில் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் பாதிச் சுற்று.

செருப்பு விடும்போதே வாசலை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். "பெரிய கோபுரம்" என்று வைத்தால் பயனில்லை, நாலும் பெரியவைதான். தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி, மற்றவற்றைவிடச் சற்று உயரம். அடியில் நின்று பார்த்தால் அது தெரியவே தெரியாது. வாசலை ஒட்டி இருப்பதைப் பாருங்கள். கிழக்கு என்றால் எதிரே புது மண்டபம். வடக்கு என்றால் மொட்டைக் கோபுரம், அங்கே முனீஸ்வரர். ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வந்து சேர்வது மேற்கு.

குளக்கரை:
கூட்டத்தில் பிரிந்தால் சேரும் இடத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். "பிள்ளையார்கிட்ட நில்லுங்க" என்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பொற்றாமரைக் குளக்கரையில் விபூதிப் பிள்ளையார், இன்னும் அங்கங்கே எத்தனையோ பிள்ளையார்கள். முக்குறுணி விநாயகர் என்று பெயரைச் சொன்னால் குழப்பமில்லை. ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரே கல் உருவம், சதுர்த்திக்கு 18 படி அரிசியில் கொழுக்கட்டை படைப்பார்களே, அவர்தான். அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகும்போது தெற்கு நோக்கி நேர் எதிரே இருப்பார். அங்கே வலப்பக்கம் திரும்பினால் கம்பத்தடி மண்டபம், கொடிமரம், நந்தி.

பொற்றாமரைக் குளமும் நல்ல இடம், வானம் தெரியும், தெற்குக் கோபுரமும் தெரியும். ஆனால் எந்தக் கரை என்று சொல்லாவிட்டால் ஆளுக்கொரு கரையில் காத்திருப்பீர்கள். நடுவிலுள்ள தாமரை நாலு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கல்தச்சு:
மேலே சொன்னதோடு ஒன்று. சுவாமி சன்னதியைச் சுற்றும்போது கருவறைச் சுவரே திசையைச் சொல்லிவிடும். தட்சிணாமூர்த்தி இருந்தால் தெற்கு, லிங்கோத்பவர் மேற்கு, துர்க்கை வடக்கு. அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியும் வடபுறம்தான். கிழக்கு நோக்கிய சிவன் கோயில் எதுவானாலும் பெரும்பாலும் இதே அமைப்பு. மற்ற ஊர்களிலும் கைகொடுக்கும். அம்மன் சன்னதிக்கு இதைப் பொருத்தாதீர்கள், அங்கே கோஷ்ட மூர்த்திகள், அதாவது கருவறை வெளிச்சுவர் மாடங்களில் இருப்பவர்கள், வேறு.

கடைகள், விளக்குத்தட்டு, தடுப்புக் கம்பி இவற்றையெல்லாம் அடையாளமாக வைக்கவே கூடாது. திருவிழா நாளில் கம்பியை மாற்றிப் போட்டால் வரிசை போகும் வழியே மாறிவிடும். நுழைந்த பக்கம் திரும்ப வரமாட்டீர்கள். கல்லில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

சித்திரைவீதி:
வெளியூர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஆடி வீதி மதிலுக்கு உள்ளே, சித்திரை வீதி வெளியே. "வீதிக்கு வந்துட்டேன்" என்று சொல்பவர் இன்னும் கோயிலுக்குள்ளேயே இருக்கலாம். வழி கேட்கும்போது "வெளியே போகணும்" என்றால் பக்கத்து வாசலைத்தான் காட்டுவார்கள், வாசல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தவர்கள் கிழக்குக் கோபுரம் என்று கேட்டால் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். இரண்டும் கீழச் சித்திரை வீதியில்தான், கோபுரத்துக்குத் தெற்கே மண்டபம்.