உண்மையான ஃப்ளூ எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்?

கார்முகில், திருப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். வயது 36. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற மாதக் கடைசியில் ஒரு நாள் மதியம் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று மணி வரை உடம்பில் ஒரு குறையும் இல்லை. நான்கு மணிக்கு ஏ.சி. காற்று முதுகில் பட்டாலே குத்தியது. ஐந்து மணிக்குப் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. ஸ்கூட்டர் ஓட்டத் தெம்பில்லை. மைத்துனரை வரச் சொல்லி, அவர் வண்டியில்தான் வீட்டுக்குப் போனேன். இரவு காய்ச்சல் 103. இடுப்பும் தொடையும் அடித்துப் போட்டது போல் இருந்தன. கண்ணைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் வலித்ததால் டெங்குதான் என்று பயந்துபோனோம். டெங்கு பரிசோதனையில் எதுவும் இல்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ, என்று வந்தது.

என் சந்தேகம் இதுதான். அலுவலகத்தில் பாதிப்பேர் "எனக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளூ வரும், மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவேன்" என்கிறார்கள். எனக்கோ கல்லூரிக் காலத்துக்குப் பிறகு இப்படி ஒரு காய்ச்சல் வந்த நினைவே இல்லை. உண்மையான ஃப்ளூ மனிதருக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? உங்களுக்கு வந்தபோது எப்படி இருந்தது? காய்ச்சல் விட்டுப் பல நாள் ஆகியும் மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறதே, இது இயல்புதானா?

மலைக்கோட்டை, திருச்சி:

நண்பரே, நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. நான் பள்ளி ஆசிரியர். அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில் பிடித்தது. தலைமுடி வலிக்கும் என்பதை அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சீப்பு பட்டால் வலி, போர்வை உரசினால் வலி. மின்விசிறியைப் போட்டால் குளிர், நிறுத்தினால் வேர்வை. கைபேசி ஒரு முழ தூரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கையை நீட்டி எடுக்கவில்லை. வாய்க் கசப்பில் ரசம் சாதம்கூட இறங்கவில்லை. என் மனைவி நொய்க் கஞ்சியில் உப்புப் போட்டு டம்ளரில் கொடுத்ததுதான் ஆகாரம்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று: எழுந்து நடமாட முடிந்தால் அது ஜலதோஷம், முடியாவிட்டால்தான் ஃப்ளூ.

வார்டு அக்கா, வேலூர்:

தம்பி கார்முகில், மலைக்கோட்டை சார், நீங்கள் இருவரும் சொன்ன வலி நூற்றுக்கு நூறு உண்மை. அரசு மருத்துவமனைக் காய்ச்சல் வார்டுகளில் செவிலியராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் ஜலதோஷக்காரர் "இரண்டு மூன்று நாளாகவே தொண்டை கரகரப்பு" என்று இழுப்பார். ஃப்ளூ வந்தவர் நேரம் சொல்வார். "நேற்று மாலை பால் வாங்கப் போனபோது", "பஸ் வாலாஜாவைத் தாண்டும்போது" என்று இடம்கூடச் சொன்னவர்கள் உண்டு. முதலில் குளிரும் உடல்வலியும், பிறகு வறட்டு இருமல், நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சல். மூக்கு ஒழுகுவது இதில் பெரிய விஷயமே அல்ல.

மூச்சுப்பாதையில் இருக்கும் கிருமிக்குத் தொடை ஏன் வலிக்கிறது என்று நோயாளிகள் கேட்பார்கள். வைரஸ் பெரும்பாலும் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயைத் தாண்டிப் போவதில்லை. அதை எதிர்க்க நம் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் போன்ற பொருள்கள்தான் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் அந்த வலியையும் சோர்வையும் உண்டாக்குகின்றன. அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் அசதி இழுத்துக்கொண்டு போகும். தம்பி, உங்கள் கால் நடுக்கம் பெரும்பாலும் அந்த அசதிதான். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் சொன்னதும் இதையே ஒட்டி இருந்தது: காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம். இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினாலோ, படி ஏறும்போது மூச்சே வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அது வேறு கதை. நுரையீரலில் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இனி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது. 2015ஆம் ஆண்டு தென்சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. குவாங்தொங் மாகாணத்தில் 151 பேரின் இரத்தத்தை எடுத்து, 1968 முதல் 2009 வரை உலவிய எச்3என்2 வைரஸ்களில் ஒன்பதுக்கு எதிராக அதில் எவ்வளவு எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு தொற்றும் இரத்தத்தில் தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அதை வைத்து அவர்கள் போட்ட கணக்கு: குழந்தைப் பருவத்தில் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொற்றுகிறது, வயது ஏற ஏறக் குறைந்து, முப்பதைத் தாண்டியவர்களுக்குப் பத்து ஆண்டில் இரண்டு முறை. இது எச்3என்2 என்ற ஒரு வகைக்கான கணக்கு. எச்1என்1, பி வகை இரண்டையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது ஃப்ளூ அல்ல. அது ரைனோ வைரஸ் போன்றவை தரும் ஜலதோஷம். பெரியவர்களுக்கே அது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும். சின்னக் குழந்தைகளுக்கு அதைவிட அதிகம்.

ஆனால் மலைக்கோட்டை சாரின் அளவுகோலை நான் ஏற்க மாட்டேன். பத்து ஆண்டில் இரண்டு என்பது தொற்றுக் கணக்கு, படுக்கையில் விழுந்த கணக்கு அல்ல. இங்கிலாந்தில் 2006 முதல் 2011 வரை ஆயிரக்கணக்கான குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்தார்கள். தடுப்பூசி போடாதவர்களில் ஒவ்வொரு குளிர்காலமும் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்குத் தொற்றியிருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லும்படியான தொந்தரவே இல்லை! தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸை வேண்டுமென்றே விட்டுப் பார்த்த பழைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், தொற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் காய்ச்சலே கண்டிருந்தது. ஆகவே "நான் நடமாடுகிறேன், எனக்கு ஃப்ளூ இல்லை" என்று சொல்லிக்கொண்டு இருமியபடி அலுவலகம் போகிறவர், பக்கத்து மேசைக்காரரை ஒரு வாரம் படுக்க வைத்துவிடலாம். அவர் வீட்டில் ஒரு கர்ப்பிணியோ சிறுநீரக நோயாளியோ இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காய்ச்சலோடு வேலைக்கு வருவதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

2009இல் பன்றிக்காய்ச்சல் என்று எல்லோரும் நடுங்கிய எச்1என்1 வந்தபோது தனி வார்டில் இருந்தேன். தொண்டை மாதிரிகளைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்போம். எங்களைக் குழப்பியது ஒன்றுதான். கிழவர் கிழவிகள் வந்து நிறையும் வார்டு என்று நினைத்திருந்தோம். வந்து படுத்தவர்களோ இருபது முப்பது வயதுக்காரர்கள், கர்ப்பிணிகள். காரணம் பிறகுதான் விளங்கியது. 1918இல் வந்த எச்1என்1 வைரஸின் வழிவந்தவை 1957 வரை உலகில் உலவின. அந்தக் காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்களின் உடம்பில் அதன் நினைவு அறுபது வயதுக்கு மேலும் இருந்திருக்கிறது. வயது ஏற ஏற ஃப்ளூ குறைவதற்கும் இதுவே ஒரு காரணம்: பல வகைகளை ஏற்கெனவே பார்த்த உடம்பு அது. வைரஸ் ஆண்டுதோறும் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வதால்தான் அந்தக் காவல் முழுமையாவதில்லை.

இன்னொன்று, நம் ஊரில் இதன் பருவம். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை, டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையில், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் உச்சம் என்று இந்திய ஆய்வுகள் காட்டின. நமக்கு அதே மழையில்தான் டெங்குவும் வருகிறது. இரண்டிலும் கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், இரண்டிலும் உடம்பு முறியும். தம்பி டெங்குவைப் பரிசோதித்துப் பார்த்தது மிகச் சரி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். புரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம். மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் "செட் மாத்திரை"யை வாங்கவே வாங்காதீர்கள். அதற்குள் ஒரு வலி மாத்திரை, ஓர் ஆன்டிபயாட்டிக், சில கடைகளில் ஸ்டீராய்டு என்று என்னவெல்லாமோ இருக்கும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

முல்லை, கடலூர்:

அக்கா, வயிற்றில் பால் வார்த்தீர்கள். என் மகன் இரண்டாம் வகுப்பு. சென்ற மழையில் காய்ச்சலும் இருமலும் வந்து, காய்ச்சல் முழுவதும் விட்ட மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று அழுதான். கெண்டைக்கால் இரண்டையும் தொடவிடவில்லை. தூக்கி நிறுத்தினால் நுனிக்காலில் தத்தித் தத்தி நடந்தான். பக்கவாதமோ என்று நானும் என் மாமியாரும் ஆட்டோவில் ஓடினோம். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, ஃப்ளூவுக்குப் பிறகு வரும் தசை அழற்சி, தானாகச் சரியாகும் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். அந்த வாரமே ஓட ஆரம்பித்துவிட்டான். இது எல்லாக் குழந்தைகளுக்கும் வருமா?

வார்டு அக்கா, வேலூர்:

எல்லோருக்கும் வராது முல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதிலும் பி வகை ஃப்ளூவுக்குப் பிறகு சிலருக்கு வரும். சில நாளில் போய்விடும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனாலோ, கால் வலியில்லாமல் துவண்டு போனாலோ மட்டும் தாமதிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஃப்ளூவில் வாந்தி, வயிற்றுவலியும் வரும். அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய் என்று ஒன்று அதனால் வரக்கூடும்.

கார்முகில், திருப்பூர்:

அக்கா, மிக்க நன்றி. அச்சிட்டு அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் போலிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது, இரண்டு ஆண்டுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் படுத்திருந்தபோது அவர் மாடியில் இருந்ததால் தப்பினார். அவருக்குத் தடுப்பூசி போடலாமா? "எனக்கு ஜலதோஷமே வராது, ஊசி எதற்கு?" என்கிறார்.

வார்டு அக்கா, வேலூர்:

போட வேண்டியவர்களின் வரிசையில் முதலில் நிற்பவரே உங்கள் அப்பாதான். 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இதய நோய்: மூன்றும் இருக்கின்றன. ஃப்ளூ வந்த அடுத்த ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்தே பல மடங்கு கூடுகிறது. இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஊசி போட்டால் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டின் வைரஸோடு நன்றாகப் பொருந்தினால் மருத்துவரிடம் போகும் அளவுக்கு வரும் ஃப்ளூ நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறையும். மீறி வந்தாலும் தீவிரச் சிகிச்சைப் பிரிவு வரை போவது குறையும். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரமாகும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் போட்டுவிடுங்கள். வைரஸ் மாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும். அந்த ஆண்டுக்கென்று வந்த ஊசிமருந்துதானா என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். போட்ட இடம் வலிக்கும், ஒரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம், அவ்வளவுதான்.

வீட்டில் மறுபடி யாருக்காவது ஃப்ளூ என்று தெரிந்தால் அப்பாவுக்குத் தனி அறை, நோயாளிக்கு முகக்கவசம். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும் என்பதால் அது மட்டும் போதாது. அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதைத் தருவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார், சோதனை முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார். வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே ஏறாது; திடீரென்று சாப்பாடு குறையும், பேச்சில் தடுமாற்றம் வரும், பகல் முழுவதும் தூங்குவார்கள். அதையும் கவனியுங்கள்.

கார்முகில், திருப்பூர்:

சனிக்கிழமை அழைத்துப் போகிறேன் அக்கா. இதய மருத்துவரிடமும் அன்றைக்கே கேட்டுவிடுகிறேன். மாரடைப்புச் செய்தியைச் சொன்னேன், அப்பா சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்துவிட்டார்.