பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசி அட்டையைக் கட்டாயமாக்கலாமா?

திருமங்கலம் ஆசிரியர்:
முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் தடுப்பூசி அட்டையைக் காட்டியாக வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும் என்பதே என் கருத்து. 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, ஊர்பேர் தெரியாத வாட்ஸ்அப் குரல் பதிவுகளை நம்பிப் பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஊசி போடும் நாளில் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வைகைக்கரையான்:
ஐயா, அந்தப் பெற்றோர் பதிவை நம்பினார்கள் என்பதைவிட, அரசை நம்பவில்லை என்பதே பொருத்தம். 2021 மே மாதம் என் தாயாரை, அட்டையில் எழுதியிருந்த தேதிப்படி, இரண்டாவது கோவிஷீல்டு ஊசிக்கு அழைத்துச் சென்றேன். வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "இடைவெளி 12 வாரமாக மாறிவிட்டது, போய் வாருங்கள்" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். தொடக்கத்தில் 4 முதல் 6 வாரம், பிறகு 6 முதல் 8, அதன் பிறகு 12 முதல் 16. மாற்றத்துக்கு அறிவியல் காரணம் இருந்திருக்கலாம். அதை வரிசையில் நின்றவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "ஊசி தீர்ந்துபோயிருக்கும், அதை மறைக்கிறார்கள்" என்று அம்மா தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில், ஊசி போடாதவர்களுக்கு உணவகத்திலும் வணிக வளாகத்திலும் இடமில்லை என்று நம் மாவட்டத்தில் அறிவிப்பு வந்தது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவுபடுத்துகிறேன்.

திருமங்கலம் ஆசிரியர்:
அதே தீர்ப்பு, பொது நலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. பாதியை மட்டும் படிக்க வேண்டாம். தட்டம்மை ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தால், ஊசி போடாத பிள்ளைகளில் அநேகமாக ஒருவரையும் விடாது.

மேலூர் செவிலியர், ஓய்வு:
முப்பது ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், நீங்கள் இருவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதன் பின் சில காலம் ஊருக்குள் சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கும்போதுதான் போட வேண்டும் என்றானது. அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் புதன்கிழமை அங்கன்வாடிக்கு இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்த தாய்மார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வர வேண்டியிருந்தது. வராதவர்களை "விழிப்புணர்வு இல்லாதவர்கள்" என்று பதிவேட்டில் எழுதினோம். அதே ஆண்டு ஜனவரியில் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய 3 அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள். 2010இல்தான் அந்தத் தடை விலகியது. இத்தனைக்கும் பதில் சொல்ல ஊருக்குள் இருந்தது நாங்கள்தான்.

பயந்த தாயிடம் நான் நிறையப் பேசியதில்லை. குப்பியை அவள் கையில் கொடுத்து, அதன் மேலுள்ள வட்டத்தையும் உள்ளே இருக்கும் சதுரத்தையும் பார்க்கச் சொல்வேன். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. இரண்டும் ஒரே நிறமானால் போடக்கூடாது. அடுத்த முறை அவளே குப்பியை வாங்கிப் பார்ப்பாள். ஒரே ஒரு பிள்ளைக்காகவும் பலருக்கான தட்டம்மைக் குப்பியைத் திறந்தோம் என்பதும், 4 மணி நேரம் கழிந்தால் மீதி வீண் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வைகைக்கரையான்:
செவிலியர் அம்மா சொல்வதுதான் நான் கேட்பதும். இன்னொன்று, டெக்சாஸ் உட்பட அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசி விதி உண்டு. இருந்தும் 2025இல் டெக்சாஸில் தட்டம்மை பரவி, ஊசி போடாத 2 பிள்ளைகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் அந்நாட்டுச் சுகாதாரத் துறைச் செயலர் ஒரே நாளில் நீக்கினார். மேலே இருப்பவர்களே குழம்பினால் கீழே சட்டம் என்ன செய்யும்?

திருமங்கலம் ஆசிரியர்:
டெக்சாஸில் மனசாட்சியைக் காரணம் காட்டி விலக்குப் பெறலாம். விதி தோற்றது என்று இதைச் சொல்வதைவிட, விதியில் விட்ட ஓட்டை தோற்றது என்று சொல்லுங்கள்.

மேலூர் செவிலியர், ஓய்வு:
ஐயா, 2009 கல்வி உரிமைச் சட்டம் இருக்கும்போது அட்டை இல்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், ஊசியோடு படிப்பும் போகும். அப்படித் திரும்பும் பிள்ளை பெரும்பாலும் செங்கல் சூளைக்கு இடம்பெயர்ந்து போன குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். 5 வயதிலிருந்து 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி) ஊசியின் ஊக்கத் தவணையும் சேர்க்கை நேரத்தில்தான் வருகிறது. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு அட்டையைப் பார்த்து, விடுபட்டவர்களின் பட்டியலைச் செவிலியரிடம் கொடுத்தால், அடுத்த புதன்கிழமையே பள்ளிக்கு வந்து போட்டுவிடலாம்.

திருமங்கலம் ஆசிரியர்:
சேர்க்கையை மறுக்க வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பட்டியலை நானே எடுத்துத் தருவேன். ஆனால் செவிலியர் மூன்று முறை வந்த பிறகும் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை என்ன செய்வது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வைகைக்கரையான்:
நான்காவது முறை போக வேண்டும், ஐயா. அவர்கள் கேள்வியை எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.