எழுத்தைக் 'கேர்வ்' ஆக்குதல்: 'வளையியாக்கம்' பொருந்துமா?

எல்லோருக்கும் வணக்கம்.

எழுத்தை அதன் எழுத்துரு இல்லாமலே திறக்கக்கூடிய வடிவமாக மாற்றும் கட்டளைக்கு, அதாவது 'கேர்வ்' ஆக்குதலுக்கு, நம் அகராதிக்காகத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்குக் கல்முனைத் தம்பி முன்வைத்த 'புறக்கோடாக்கம்' எனக்குச் சரியாகப் படவில்லை. கோரல்ட்ரோ என்ற வரைகலை மென்பொருளில் அவுட்லைன் என்பது உருவத்தைச் சுற்றி வரும் கரைக்கோடு. அதற்குத் தடிப்பும் நிறமும் கொடுப்போம். அதில் பழகிய ஒருவரிடம் "எழுத்தைப் புறக்கோடாக்கி அனுப்புங்கோ" என்றால், எழுத்துக்குக் கறுப்புக் கரை போட்டு அனுப்பிவிடுவார். இலஸ்ட்ரேட்டர் இதை 'கிரியேட் அவுட்லைன்ஸ்' என்கிறது, கோரல்ட்ரோ 'கன்வேர்ட் டு கேர்வ்ஸ்' என்கிறது, இங்க்ஸ்கேப் 'ஒப்ஜெக்ட் டு பாத்' என்கிறது. வேலை ஒன்றுதான். ஒரு மென்பொருளின் பெயரை அப்படியே பெயர்த்தால் மற்ற இரண்டிலும் வேலை செய்பவர்கள் தடுமாறுவார்கள்.

இந்தச் சொல் நமக்கு ஏன் அவசரம் என்றால், தமிழ்க் கோப்புகள்தான் இடம் மாறும்போது அதிகம் உடைகின்றன. மாமாங்கப் பிள்ளையார் திருவிழாவுக்கு ஒரு பனர் செய்கிறோம் என்று வையுங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். யூனிகோடில் தட்டினால் வேறு தொல்லை. தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் 'கொடியேற்றம்' என்பதன் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய்விடும். எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பு வகையும் இதற்குத் தானாகத் தீர்வு தராது. பெரும்பாலும் அதில் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும், எழுத்துரு இருக்காது. அதனால்தான் அச்சுக் கடைகளில் "கேர்வ் ஆக்கி அனுப்புங்கோ" என்று கேட்கிறார்கள்.

இதற்கே அக்கா எழுதிய இன்னொரு சொல்லான 'கோட்டுருவாக்கம்' எழுத்துருவோடு ஓசையில் அழகாக இணைகிறது. ஆனால் கணிதத்தில் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் கொண்ட அமைப்புக்குக் 'கோட்டுரு' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கணினி படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில் சந்திப்பார்கள். 'பாத்' என்பதைப் பெயர்த்த 'பாதையாக்கம்' வீதி போடுவதைத்தான் நினைவூட்டுகிறது.

என் முன்மொழிவு 'வளையியாக்கம்'. உயர்தரப் பொருளியலில் கேள்வி வளையி, நிரம்பல் வளையி என்று படித்த தலைமுறைக்கு இது புதிதல்ல. கடையில் வழங்கும் 'கேர்வ்' என்ற சொல்லுக்கும் இதுவே நேர். பொருளும் துல்லியம். எழுத்துருக் கோப்புக்குள் ஒவ்வொரு எழுத்தின் வடிவமும் ஏற்கெனவே முனைப்புள்ளிகளும் வளைவைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் கொண்ட பெசியே வளையிகளாகத்தான் இருக்கிறது. 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் உடற்பகுதி வடிவமைப்புக்காகப் பியர் பெசியே பயன்படுத்திய அதே வளையிகள்.  இந்தக் கட்டளை அவற்றை எழுத்துருவிலிருந்து எடுத்துப் படத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறது.

"எழுத்தில் நேர்கோடும் உண்டே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 'ப' முழுக்க நேர்கோடாகவே வரலாம். ஆனால் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் முனைப்புள்ளிகளை இணைக்கும் கோட்டிலேயே விழுந்தால் பெசியே வளையி நேர்கோடுதான். எனவே சொல் பொய்க்காது.

தமிழ்நாட்டு நண்பர்கள் 'வளைவரை' என்று படித்திருப்பார்கள். 'வளைவரையாக்கம்' என்பதை மாற்று வடிவமாகப் பதிவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மென்பொருளின் பட்டியலில் நிற்கும் கட்டளைக்கு 'வளையியாக்கு' என்ற குறுகிய வடிவமே கைகொடுக்கும்.

வரைவிலக்கணத்தை இப்படி வைக்கலாமா? "வளையியாக்கம்: எழுத்தை அதன் எழுத்துருவில் தங்கியிராத வடிவமாக மாற்றுதல். மாற்றியபின் அதை எழுத்தாகத் திருத்தவோ தேடவோ இயலாது. மூலக் கோப்பைத் தனியே சேமித்தபின் செய்க." கடைசித் தொடர் அகராதிக்கு அதிகம் என்று சிலர் வெட்டச் சொல்வார்கள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வளையியாக்கிய கோப்பு மட்டும் கையில் மிஞ்சினால், அடுத்த வருடம் திகதியை மாற்றுவதற்குக்கூட எல்லாவற்றையும் புதிதாகத் தட்ட வேண்டும்.