ஆயுத பூசைக்குச் செண்டுமல்லி: நாற்று எப்போது விட வேண்டும்?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நிலக்கோட்டைக்கு அருகில் எங்களுக்குக் கிணற்றுப் பாசனம் உள்ள செம்மண் நிலம் ஐந்து சென்ட் சும்மா கிடக்கிறது. என் தம்பியின் லேத் பட்டறைக்கும் வீட்டு வண்டிகளுக்கும் ஆயுத பூசை மாலையை ஆண்டுதோறும் கடையில்தான் வாங்குகிறோம். பூசைக்கு முதல் நாள் அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் வாங்கவும் மனம் வருவதில்லை, வாங்காமல் இருக்கவும் முடிவதில்லை. ஆகவே இந்த முறை செண்டுமல்லியை நாமே நட்டு, வீட்டுக்குப் போக மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்பலாம் என்று எண்ணுகிறேன்.

என் சந்தேகம் நாள் கணக்கில்தான். ஆயுத பூசை 2024இல் அக்டோபர் 11, 2025இல் அக்டோபர் 1, 2026இல் அக்டோபர் 19 என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2026இல் அந்த வாரத்தில் பூ நிறைந்து நிற்க வேண்டுமானால் விதையை எப்போது போட வேண்டும்? நுனி கிள்ளுவது அவசியமா? ஐந்து சென்டில் எத்தனை செடி பிடிக்கும்?

மண்வெட்டி:

வணக்கம் அம்மா. பூசை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள். செண்டுமல்லி நட்ட 60ஆம் நாளை ஒட்டி முதல் பறிப்புக்கு வரும். ஆனால் முதல் இரண்டு மூன்று பறிப்புகளில் பூ குறைவாகத்தான் இருக்கும். கூடை நிறைவது அதற்குப் பிறகுதான். ஆகவே அக்டோபர் 17, 18 தேதிகளில் நல்ல பறிப்பு வேண்டுமானால் 70 நாள் முன்பாக, அதாவது ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் நாற்று நிலத்தில் இருக்க வேண்டும். நாற்றின் வயது 25 முதல் 30 நாள். ஜூலை 10 வாக்கில் விதை போட்டால் கணக்கு சரியாக இருக்கும். தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் விட்டால் வேர் அறாமல் நடலாம். நட்டவுடன் வாடி நின்று சில நாள் வீணாவது குறையும்.

ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். பார் (நீளமான மண்மேடு) பிடித்து 45 செ.மீ.க்கு 35 செ.மீ. இடைவெளியில் நட்டால் 1,250 செடிக்கு மேல் பிடிக்கும். ஹெக்டேருக்கு ஒன்றரைக் கிலோ விதை என்பது பரிந்துரை. உங்களுக்கு 30 கிராம் தாராளம். வீரிய ஒட்டு (கலப்பின) ரகமானால் அதன் பூவிலிருந்து விதை எடுத்து மறு ஆண்டு நட வேண்டாம். ஒன்று உயரம், ஒன்று குட்டை, பூவும் அடுக்குக் குறைந்து வரும்.

அடியுரமாக அரை டன் மக்கிய தொழுவுரம் போடுங்கள். யூரியாவில் மட்டும் கை நீள வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் செடி கரும்பச்சையாகப் புதர்போல வளர்ந்து நிற்கும். பார்க்க அழகாக இருந்தாலும் மொட்டு தள்ளிப்போகும், பூசை அதற்காகக் காத்திருக்காது. நட்ட 30ஆம் நாள் நுனியைக் கட்டாயம் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் ஒரே சமயத்தில் வெடித்து, பூவும் ஒன்றாக வரும்.

தோவாளைக்காரன்:

மேலே நண்பர் சொன்ன நாள் கணக்கு சரி. எல்லாச் செடிக்கும் நுனி கிள்ளச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு மாலை கட்டுகிறவருக்குப் பூ ஒரே நாளில் வேண்டும். சந்தையில் விற்கிறவருக்கு அப்படி வந்தால் நட்டம். வியாபாரிகள் பூசைக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே கேந்தி (செண்டுமல்லியை நாங்கள் சொல்லும் பெயர்) வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். கடைசி இரவில் எல்லாத் தோட்டத்துப் பூவும் ஒன்றாக வந்து இறங்கும். மறுநாள் காலையில் அதே பூவைக் கேட்க ஆள் இருக்காது. ஆகவே மூன்றில் ஒரு பங்குச் செடியைக் கிள்ளாமல் விடுங்கள். அவற்றில் நுனிப் பூ பெரிதாகவும் சில நாள் முந்தியும் வரும். அதைச் சந்தைக்கு அனுப்பலாம். கிள்ளிய செடிகளை உங்கள் பட்டறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓணத்தையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓணத்துக்கு வாசலில் போடும் அத்தப்பூக்களம் என்ற பூக்கோலத்துக்காக எங்கள் தோவாளைப் பூச்சந்தையில் வண்டி வண்டியாகப் பூ எடுத்த காலம் உண்டு, இன்றும் எடுக்கிறார்கள். ஆனால் இப்போது கேரளத்திலேயே அந்த மாநில அரசின் குடும்பஸ்ரீ திட்டத்து மகளிர் குழுக்கள் ஓணத்துக்கென்று கேந்தி பயிரிடுகின்றன. ஐந்து சென்டுக்கு இரண்டு பண்டிகை தாங்காது. நிறத்தில் ஆரஞ்சு இரண்டு பங்கு, மஞ்சள் ஒரு பங்கு வைத்தால் மாலை கட்டுகிறவர்கள் விரும்பி எடுப்பார்கள்.

மாடித்தோட்டத்தாள்:

செண்டுமல்லியை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஓரத்தில் இரண்டு பார் கோழிக்கொண்டையும் ஒரு பார் வாடாமல்லியும் போட்டுவையுங்கள். செண்டுமல்லி விரிந்த சில நாட்களில் பறிக்காவிட்டால் அடியிதழ் பழுத்துவிடும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் செடியிலேயே வாரக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்கும் என்பதால் நாள் கணக்கு முன்பின்னானாலும் அவை கைவிடாது. வாடாமல்லியின் இதழ்போன்ற பகுதி தொட்டால் காகிதம்போலச் சரசரக்கும். உலர்ந்த பிறகும் அந்த ஊதா போவதில்லை.

பறிப்பதில் ஒரு கவனம் வேண்டும். முதல் நாள் மாலை நீர் பாய்ச்சி, விடியற்காலையில் பனி சற்று உலர்ந்ததும் முழுக்க விரிந்த பூவை மட்டும் பறியுங்கள். இதழ்களைத் தாங்கும் பச்சைக் கிண்ணம் பூவோடு சேர்ந்து வர வேண்டும். ஊசி கோப்பது அதில்தான், அது கிழிந்தால் கட்டிய மாலையிலிருந்தே பூ உதிரும். பறித்ததை நிழலில், மூங்கில் கூடையில் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் மறுநாளே சூடேறி நடுப்பூ அழுகத் தொடங்கும்.

வைகைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. தோவாளைக்காரன் ஐயா சொன்னபடி மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளாமல் விடுவதென்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி. தீபாவளி நவம்பர் 8இல் வருகிறது. அதே செடிகள் அதுவரை தாங்குமா?

மண்வெட்டி:

செடி தாங்கும் அம்மா, நட்டதிலிருந்து நான்கு மாதம் வரை பூக்கும். மழைதான் விடாது. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அடுக்குப் பூவுக்குள் நீர் புகுந்தால் தலை கனத்துச் சாயும், கிளை ஒடியும், இலையில் கருகல் புள்ளி பரவும். 45ஆம் நாள் மேலுரம் இடும்போதே நன்றாக மண் அணைத்து, பாருக்கு இடையில் நீர் நிற்காதபடி வடிகால் வெட்டிவிடுங்கள். ஆயுத பூசைப் பறிப்பு முடிந்ததும் முற்றிய பூ ஒன்றையும் செடியில் விட வேண்டாம். விட்டால் விதை கட்டப் போய்விடும், புது மொட்டு குறையும். தீபாவளிப் பூ வந்தால் அது கூடுதல் வரவு. அதை நம்பி யாரிடமும் முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.