முதல் பக்கம் திறக்கிறது, சர்வ்லெட் மட்டும் வரவில்லை: டாம்கேட் 10

நன்னிலத்தான்:

வணக்கம். எங்கள் மாமா அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறார். பெல்ட் வண்டியும் உண்டு, டயர் வண்டியும் உண்டு. யார் வயலுக்கு எந்த வண்டி போனது, எத்தனை மணி நேரம் ஓடியது, முன்பணம் எவ்வளவு என்று பதிந்து வாடகைச் சீட்டு அடிக்க ஒரு சிறிய ஜாவா வலைச் செயலி வைத்திருக்கிறோம். உறவுக்காரப் பையன் ஒருவன் கல்லூரியில் படிக்கும்போது எழுதிக் கொடுத்தது. மூல நிரல் என்னிடம் இருக்கிறது. எனக்கு ஜாவா கொஞ்சம் தெரியும். சர்வர் விவகாரம் அவ்வளவாகத் தெரியாது.

பழைய விண்டோஸ் கணினியில், ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வரான டாம்கேட் 8.5 போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். அது இடி மழையில் போய்விட்டது. புதிய கணினியில் உபுண்டு 24.04 நிறுவி, அதனுடன் கிடைத்த டாம்கேட் 10-ஐ ஏற்றினேன். செயலி முழுவதையும் ஒன்றாகக் கட்டிய பழைய வார் கோப்பை அப்படியே வெப்ஆப்ஸ் அடைவில் வைத்தேன். அடைவு விரிந்தது. முதல் பக்கம் திறக்கிறது; அது ஜேஎஸ்பி, அதாவது ஜாவா கலந்த எச்டிஎம்எல் பக்கம். ஆனால் 'பதிவு' பொத்தானை அழுத்தினால் 404 (பக்கம் இல்லை). 'சீட்டு' பொத்தானை அழுத்தினால் 500 (சர்வருக்குள் பிழை). இரண்டு பொத்தானுக்கும் பின்னால் இருப்பவை சர்வ்லெட்டுகள், அதாவது கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா வகுப்புகள். செயலியின் அமைப்புகள் இருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. மாமா நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் கடந்து போகும்போதெல்லாம் பேனாவைச் சற்றுச் சத்தமாகவே வைக்கிறார்.

வெட்டாறு:

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்தால் இதுதான் நடக்கும். வார் கோப்பின் பெயரிலோ சர்வ்லெட் முகவரியிலோ பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிப் பாருங்கள். முகவரி வடிவத்தின் முன்னால் சாய்கோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அரசலாறு:

வெட்டாறு சொல்வது பொதுவாக நல்ல யோசனைதான், இங்கே பொருந்தாது. முகவரியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை டாம்கேட் விண்டோஸிலும் பார்க்கும். அங்கே ஓடியது என்றால் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது. சாய்கோடு இல்லாவிட்டால் செயலியே எழுந்திருக்காது, முதல் பக்கமும் வந்திருக்காது.

தம்பி, இரண்டு கேள்வி. 'பதிவு' சர்வ்லெட்டின் முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, வெப்.எக்ஸ்எம்எல் கோப்பிலா, அல்லது ஜாவா வகுப்பின் தலையிலேயே வெப்சர்வ்லெட் குறிப்பாகவா (அனோட்டேஷன்)? 'சீட்டு' எங்கே? 500 வந்த பக்கத்தில் மேல்வரியை விட்டுவிட்டு, அடியில் மூல காரணம் என்று வருகிற வரியை எடுத்துப் போடுங்கள். மேல்வரி யாருக்கும் உதவியதில்லை.

நன்னிலத்தான்:

அக்கா, 'பதிவு' வகுப்பின் தலையில் குறிப்பாக இருக்கிறது. 'சீட்டு' வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. மூல காரணத்தில் 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லி, ஜாவாக்ஸ்.சர்வ்லெட்.எச்டிடிபி.எச்டிடிபிசர்வ்லெட் என்ற பெயரைக் காட்டுகிறது.

அதைப் பார்த்துவிட்டுப் பழைய டாம்கேட்டின் லிப் அடைவிலிருந்த சர்வ்லெட் ஏபிஐ ஜாரை (சர்வ்லெட்டின் அடிப்படை வகுப்புகள் உள்ள தொகுப்புக் கோப்பு) எடுத்துச் செயலியின் வெப்-இன்ஃப் லிப் அடைவில் போட்டேன். இப்போது அந்தப் பிழை போய், 'இந்த வகுப்பு ஒரு சர்வ்லெட் அல்ல' என்கிறது. அது சர்வ்லெட் இல்லையென்றால் வேறு என்னவாம்?

அரசலாறு:

முதலில் அந்த ஜாரை வெளியே எடுங்கள். சர்வ்லெட் ஏபிஐ என்பது சர்வர் கொடுக்க வேண்டியது. எந்தச் செயலியும் அதைத் தன் லிப் அடைவில் சுமக்கக் கூடாது.

உங்கள் செயலியில் எந்தப் பழுதும் இல்லை, மேப்பிங்கை, அதாவது எந்த முகவரிக்கு எந்த சர்வ்லெட் என்ற இணைப்பை, தொடவே வேண்டாம். நடந்தது பெயர் மாற்றம். ஆரக்கிள் நிறுவனம் 2017-இல், சர்வ்லெட் அடங்கிய ஜாவா ஈஈ தொகுதியை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. நிரல் கைமாறியது, ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளியில் (வகுப்புப் பெயர்களின் முன்னொட்டில்) புதிதாக எதையும் மாற்றி வெளியிடும் உரிமை கைமாறவில்லை. எனவே ஜகார்ட்டா ஈஈ என்று பெயர் மாறி 2020 இறுதியில் வந்த 9-ஆம் பதிப்பில், ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்று இருந்ததெல்லாம் ஜகார்ட்டா.சர்வ்லெட் ஆனது. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். மாயவரம் என்று முகவரி எழுதிய கடிதம் இன்றும் மயிலாடுதுறைக்குப் போய்ச் சேரும். டாம்கேட் 10-க்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

உங்களுக்கு 404-உம் 500-உம் தனித்தனியே வந்ததுதான் இதில் அழகு. 'பதிவு' வகுப்பின் தலையில் இருப்பது பழைய பெயருள்ள குறிப்பு. டாம்கேட் 10 வகுப்புகளைத் துழாவும்போது ஜகார்ட்டா குறிப்பை மட்டுமே தேடுகிறது. பழையதைக் கண்டுகொள்வதே இல்லை. பிழை எழுதாது, எச்சரிக்கையும் தராது. அதன் கணக்கில் அப்படி ஒரு முகவரியே இல்லை, ஆகவே 404. 'சீட்டு' அப்படியல்ல. வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் பெயர் சொல்லி எழுதியிருப்பதால் முகவரி உண்டு. யாராவது அழைக்கும்போது வகுப்பை ஏற்றப் போய், அதன் தாய் வகுப்பைக் காணாமல் விழுகிறது, ஆகவே 500. முதல் பக்கம் ஏன் திறக்கிறது? ஜேஎஸ்பி-யை டாம்கேட் தானே அங்கேயே தொகுத்துக்கொள்கிறது; அதற்கு வேண்டிய புதிய பெயர்களை அதுவே எழுதிக்கொள்ளும்.

நீங்கள் ஜாரைப் போட்டதும் தாய் வகுப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அது பழைய குடும்பத்து சர்வ்லெட். டாம்கேட் எதிர்பார்ப்பது புதிய குடும்பத்து சர்வ்லெட். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஜாவாவுக்கு இரண்டும் சம்பந்தமில்லாத வகைகள். அதனால்தான் அப்படிச் சொன்னது.

கும்பகோணத்தில் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் சொல்லிக் கொடுப்பதால் இந்த 404 எனக்கு நாள்தோறும் தரிசனம் தருகிறது. கையில் இருக்கும் புத்தகம் ஜாவாக்ஸ் என்கிறது, கணினியில் இறக்குவது டாம்கேட் 10. எல்லோரும் மேப்பிங்கையே உருட்டிக்கொண்டு இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள்.

அறுவடை நேரத்தில் மூல நிரலைத் தொட வேண்டாம். டாம்கேட் தளத்திலேயே ஜகார்ட்டா இடமாற்றக் கருவி என்று ஒரு ஜார் கிடைக்கும். அதற்குப் பழைய வார் கோப்பின் பெயரையும் புதிய வார் கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும். உள்ளே இருக்கும் வகுப்புகள், ஜார்கள் எல்லாவற்றிலும் பெயரை மாற்றிப் புதிய கோப்பைத் தந்துவிடும். அதை வெப்ஆப்ஸ் அடைவில் வையுங்கள். முன்பு விரிந்த அடைவை நீக்கிவிட்டு வையுங்கள்.

குடமுருட்டி:

கருவிகூட வேண்டியதில்லை. டாம்கேட்டின் அடிப்படை அடைவில் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஓர் அடைவை உருவாக்கி அதில் பழைய வார் கோப்பைப் போட்டால், டாம்கேட் 10 தானே மாற்றி வெப்ஆப்ஸ் அடைவில் வைத்துக்கொள்ளும்.

அரசலாறு:

உண்மை. ஆனாலும் எது மாறியது என்று என் கண் முன்னால் நடப்பதையே நான் விரும்புவேன். சர்வர் தானாகச் செய்வது தானாக நின்றுபோனால் எங்கே தேடுவது?

நன்னிலத்தான்:

கருவியால் மாற்றிய கோப்பை வைத்தேன். இரண்டும் வேலை செய்கின்றன. முதல் சீட்டே ஆலங்குடி பக்கத்து வயலுக்கு, பெல்ட் வண்டி, இரண்டரை மணி நேரம். மாமா ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

ஆனால் சீட்டின் பிடிஎஃப் நகலைச் செயலி சேமிக்க முடியவில்லை. வேர் அடைவின் கீழே எஸ்ஆர்வி அடைவில் 'சீட்டு' என்ற துணை அடைவு வைத்தேன். 777 அனுமதி (யாரும் எழுதலாம்) கொடுத்தும் 'கோப்பு முறைமை படிக்க மட்டும்' என்ற பிழை வருகிறது. வட்டு நன்றாகத்தான் இருக்கிறது. நானே அதே இடத்தில் கோப்பு உருவாக்க முடிகிறது.

இன்னொன்று. அறுவடை முடிந்ததும் மூல நிரலையே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். ஜாவாக்ஸ் என்று இருப்பதையெல்லாம் ஒரே தேடலில் ஜகார்ட்டா ஆக்கிவிடலாமா?

அரசலாறு:

777-ஐ முதலில் திரும்பப் பெறுங்கள். அடைவை டாம்கேட் பயனருக்கு உரிமையாக்கி 750 வைத்தால் போதும். அனுமதிச் சிக்கலாக இருந்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்திருக்கும். 'படிக்க மட்டும்' என்று வருவதால் வேலி வேறு இடத்தில் இருக்கிறது. உபுண்டு தரும் டாம்கேட் தொகுப்பு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் பாதுகாப்புக்குள் ஓடுகிறது. அதன் வெப்ஆப்ஸ் அடைவு, லாக் கோப்புகளின் அடைவு போன்ற சில இடங்களைத் தவிர மற்றதெல்லாம் டாம்கேட்டுக்குப் படிக்க மட்டும்தான். உங்களுக்கு அந்தத் தடை கிடையாது, அதனால்தான் உங்களால் எழுத முடிகிறது.

'சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்10' என்று கொடுத்துத் திறக்கும் கோப்பில், சர்வீஸ் பகுதியின் கீழ் 'ரீட்ரைட்பாத்ஸ்' என்ற வரியில் உங்கள் சீட்டு அடைவின் முழுப் பாதையை எழுதுங்கள். சேமித்து டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள். தொகுப்புடன் வந்த மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில் எழுதிப் பார்க்கும் யோசனை வந்தால் அதையும் விடுங்கள். டாம்கேட்டுக்கென்று தனி டெம்ப் கொடுக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் கோப்பு இருக்காது.

ஒரே தேடலில் மாற்றுவது வேண்டவே வேண்டாம். ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்பதை மட்டும் மாற்றுங்கள். ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ எல்லாம் ஜாவாவுடனேயே வருபவை, அவற்றின் பெயர் மாறவில்லை. மாற்றினால் தரவுத்தள இணைப்பு நிரல் தொகுக்கவே மறுக்கும். ஜேஎஸ்பி-யில் ஜேஎஸ்டிஎல் என்ற ஆயத்தக் குறிச்சொற்கள் இருந்தால் அந்தப் பழைய ஜாரையும் ஜகார்ட்டா பதிப்புக்கு மாற்ற வேண்டும். நிரலைத் தொகுக்க மேவன் கருவியைப் பயன்படுத்தினால் சர்வ்லெட் ஏபிஐ சார்பை 'ப்ரொவைடட்' என்றே வையுங்கள், அது மறுபடியும் லிப் அடைவுக்குள் வந்து உட்காராது.