ஆறுமணிக்குருவிக்கு ஒன்பது நிறமா? எண்ணிக் காட்டுங்கள்

திருவையாறு வாசி:
அரையாண்டு விடுமுறை விட்டாலே டெல்டாவில் ஆளுக்கொரு கேமராவோடு கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நேற்று நம் மன்னார்குடி மைனர் ஓர் ஆறுமணிக்குருவிப் படம் போட்டு, "ஒன்பது நிறமும் ஒரே படத்தில், பாமணி ஆற்றங்கரை" என்று எழுதியிருந்தார். எழுபது பேர் கைதட்டியிருக்கிறீர்கள். ஒருவராவது எண்ணினீர்களா? நான் எண்ணினேன். முதுகு பச்சை. தோள் நீலம். வயிறு சந்தனம். வாலடி சிவப்பு. கண்பட்டை கறுப்பு. தொண்டை வெள்ளை. உச்சந்தலை பழுப்பு. ஏழு. மீதி இரண்டு எங்கே போயிற்று?

மன்னார்குடி மைனர்:
வடக்கே அதன் பெயரே நவரங். நவம் என்றால் ஒன்பது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கால் இளஞ்சிவப்பு, அலகின் அடி ஆரஞ்சு. ஆச்சா ஒன்பது? நாலு நாள் மார்கழிப் பனியில் மூங்கில் கொல்லையில் கொசுக்கடி வாங்கி எடுத்த படம் ஐயா. உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்வது சுலபம்.

திருவையாறு வாசி:
காலும் அலகும் இறகா? அப்படியானால் கண்மணியையும் நகத்தையும் சேர்த்துப் பதினொன்று என்று போட்டிருக்கலாமே. பெயரை வைத்தா எண்ணுவது? பத்துமணிப் பூ கடிகாரம் பார்த்தா பூக்கிறது? ஆறுமணிக்குருவியே என் கொல்லையில் ஐந்தே முக்காலுக்குக் கூவுகிறது. இறகில் இருப்பது ஏழு.

ஓவிய வாத்தியார்:
முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். வெள்ளையும் கறுப்பும் நிறமே அல்ல. இரண்டையும் கழித்தால் ஐந்து. பழுப்பு கலவை நிறம், அதை வேண்டுமானால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம்.

திருவையாறு வாசி:
சார், மரியாதையோடு கேட்கிறேன். வெள்ளை நிறமில்லை என்றால் நீங்கள் கட்டுகிற வேட்டி என்ன நிறம்?

விலங்கியல் மாணவி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பறவை இறகில் இருக்கும் நீலம் சாயமே அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. அதனால் எண்ணுவதற்கு முன், நிறம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளலாமா? சாயமா, கண்ணுக்குத் தெரிவதா, இறகில் மட்டுமா?

மன்னார்குடி மைனர்:
தோளில் மின்னுகிற நீலம் ஒன்று, வால் நுனியில் இன்னொன்று. நீலமே இரண்டு. பத்தாகிவிட்டது, போதுமா?

திருவையாறு வாசி:
நீலம் நீலம்தான். ஏழு.

கோடியக்கரைக் காத்து:
ஒன்பதுதான். எங்கள் கோடியக்கரைக் காட்டுக்கு இது அக்டோபரிலேயே வந்துவிடும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்குகிற பறவை, இலங்கை வரைகூடப் போகிறது. இராப் பயணம். வந்த அசதியில் திண்ணையிலேயே விழுந்து கிடக்கும், காக்கை கொத்த வரும். போன ஐப்பசியில் எங்கள் வாசலில் கிடந்ததை அட்டைப்பெட்டியில் துளை போட்டு இருட்டில் வைத்து, சாயங்காலம் விட்டேன். கையில் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். கிளம்பும்போது இறக்கையில் பளிச்சென்று ஒரு வெள்ளை. உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது. அதையும் சேர்க்க வேண்டும்.

திருவையாறு வாசி:
காத்து அண்ணே, பறவையைக் காப்பாற்றினீர்கள், புண்ணியம். ஆனால் வெள்ளையைத் தொண்டையிலேயே எண்ணியாயிற்று. ஒரே வெள்ளையை எத்தனை தடவை எண்ணுவீர்கள்?

ட்ரைபாட் தம்பி:
எண்ணிக்கையை விடுங்கள். மூங்கிலடியில் விடியற்காலை ஆறரைக்கு எடுத்த படம் என்கிறார். அந்த வெளிச்சத்தில் ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ ஆறாயிரம் என்று போனால்தான் எதுவுமே பதியும். சுற்றியிருக்கும் இலைப் பச்சை வயிற்றில் அடித்து, சந்தனமே மங்கிப்போகும். இவர் படத்திலோ வாலடிச் சிவப்பு குங்குமம் மாதிரி ஜொலிக்கிறது. கணினியில் கலர் ஏற்றியிருக்கிறார். எட்டாவது நிறம் அங்கேதான் பிறந்தது.

மன்னார்குடி மைனர்:
தம்பி, உன் மீன்கொத்திப் படத்தில் ஆற்றுத் தண்ணீரே ஊதாவாக ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் ஏதாவது கேட்டோமா?

வெண்ணாற்றங்கரை:
எனக்கு வேறு ஒரு சந்தேகம். இலைச்சருகைப் புரட்டிப் புழு தின்கிற பறவை, வெட்டவெளியில் கேமராவைப் பார்த்து எப்படி நின்றது? போனில் கூவலைப் போட்டுத்தானே வரவழைத்தீர்கள்? வேறொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து, அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. விடுமுறையில் நாளைக்குப் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அது எப்போது சாப்பிடும்?

மன்னார்குடி மைனர்:
அக்கா, சத்தியமாகப் போடவில்லை. மார்கழி மாதம் நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடுகிறது. அதில் என் போன் யாருக்குக் கேட்கும்?

வெண்ணாற்றங்கரை:
கேட்டதற்கு அது பதில் இல்லை.

திருவையாறு வாசி:
அக்கா கேட்பது நியாயம். இருந்தாலும் தலைப்பு நிறத்தைப் பற்றியது. அப்புறம், மைனர் சத்தியம் செய்கிறார் என்பதால் சொல்கிறேன். ஜனவரி 14 முதல் 17 வரை நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் போன வருடம் கரைவெட்டி ஏரிக்குப் போயிருந்தோம். "ஒரு மணி நேரம்" என்று என் லென்ஸை வாங்கிப் போனவர், மாசி மாதம் திருப்பிக் கொடுத்தார். லென்ஸ் முன்னால் மாட்டுகிற வெயில் மறைப்பான ஹூட் இல்லாமல். அவர் சொல்கிற ஒன்பதும் அந்த ஒரு மணி நேரமும் ஒரே கணக்குதான்.

மன்னார்குடி மைனர்:
அதற்காகத்தான் இந்த இழையா? நேரடியாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே வாங்கிக் கொடுத்திருப்பேன். அந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்ததை நான் யாரிடமாவது சொன்னேனா?

திருவையாறு வாசி:
உங்களிடம் ஒரு மாதம் இருந்தபோது பிடித்த பூஞ்சை.

ஓவிய வாத்தியார்:
வேட்டி விஷயத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அது நிறமற்றது.

விலங்கியல் மாணவி:
நான் கேட்ட கேள்விக்கு யாராவது…

கோடியக்கரைக் காத்து:
சரி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். தண்ணீர் இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
நிறைய இருக்கிறது. மேட்டூர் அணையை ஜனவரி 28இல்தான் மூடுவது வழக்கம், மழையும் கைவிடவில்லை. நீலத் தாழைக்கோழி கரையோரத்திலேயே மேய்கிறது. பிள்ளைகளுக்குச் சிவப்பு, மஞ்சள் சட்டை போடாதீர்கள்.

ட்ரைபாட் தம்பி:
தாழைக்கோழிக்கு எத்தனை நிறம்?

மன்னார்குடி மைனர்:
அதே குருவியின் இன்னொரு படம் போட்டிருக்கிறேன். கலர் ஏற்றவில்லை, கேமராவில் வந்தபடியே. கால் நன்றாகத் தெரிகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவையாறு வாசி:
பார்த்தேன். கால் இறகில்லை. ஏழுதான். ஹூட் 77 மில்லிமீட்டர் லென்ஸுக்கானது, மறக்காமல் அதையே வாங்குங்கள்.